உற்பத்தியும் உயிர்க்காப்பும்

(ஆமத்தூரில், மே தினக் கிராம சபையில் வட்டார வளர்ச்சி அலுவலர் நிகழ்த்திய உரை)



மானாவாரி மண்ணை நம்பி வாழும் வட்டாரம் நம்முடையது. மழை பொய்த்த ஆண்டுகளில் நம் வீடுகளில் அடுப்பெரியச் செய்தவை தீப்பெட்டித் தொழிலும் பட்டாசுத் தொழிலுமே. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்து சிவகாசியில் தொடங்கிய தொழில், இன்று ஊர்தோறும் பிழைப்பாயிற்று. ஆகவே அதன் உற்பத்தித் திறன் முதலாளிகளின் கவலை மட்டுமன்று, நம் கவலையுமாகும்.

மாலையில் எண்ணி அடுக்கும் சரக்கின் அளவே உற்பத்தித் திறன் என்று பலர் கருதுகின்றனர். பருத்தியை நெருக்கி விதைத்தால் செடி மிகும், காய் மிகாது. மருந்து செலுத்தும் அறையில் உரிமம் குறித்த அளவுக்கு மேல் ஆட்களை அமர்த்துவதும் அத்தகையதே. 2012ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் பலர் மாண்டனர். உதவ ஓடிய அக்கம்பக்கத்தாரும் அதில் அடங்குவர். ஒரு நொடியில் அழிந்ததை எந்த ஆண்டுக் கணக்கில் ஈடு செய்வது?

விபத்தின் வேர் பெரும்பாலும் வேலை முறையிலேயே உள்ளது. எண்ணிக்கைக் கூலி கையை விரைவுபடுத்தும். பெட்டி ஒட்டும் கை விரைந்தால் தீங்கில்லை. மருந்து கலக்கும் கை விரைந்தால் உராய்வு நெருப்பாகும். எனவே கலவை வேலைக்கு நாட்கூலியே தக்கது. எஞ்சிய கலவையை மறுநாளுக்கு வைத்தலும் ஆகாது. ஈரம் பட்டால் அலுமினியத் தூள் கலந்த மருந்து தானே சூடேறும்.

கருவிகளும் துணை செய்யும். தீப்பெட்டித் தொழிலில் கட்டை அடுக்கும் வேலையை இயந்திரம் ஏற்றது. பட்டாசில் ஆபத்து மிகுந்த கலவை வேலையையே இயந்திரம் முதலில் ஏற்க வேண்டும். அதுவரை இரும்புக்குப் பதில் மரமும் பித்தளையும், தரையில் ரப்பர் விரிப்பும், உடலில் பருத்தியாடையும் இருத்தல் வேண்டும். இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது.

ஒன்றை மறைக்காமல் கூறுவோம். வீட்டுத் திண்ணையில் கருந்திரி செய்வதை அறிந்தும், "அவர்கள் பிழைப்பு" என்று நாம் வாளாவிருக்கிறோம். அந்த இரக்கம் குழந்தைகள் உறங்கும் வீட்டில் வெடிமருந்தை வைக்கிறது. உரிமமற்ற வேலையை ஊரில் அனுமதியோம் என இச்சபை தீர்மானம் இயற்றட்டும். தீயணைப்பு வண்டி செல்லும் பாதைகளில் ஆக்கிரமிப்பு இல்லாமற் காப்போம். விபத்து நேர்ந்தால் கூட்டம் நெருங்காமல் தடுக்க இளைஞரைப் பழக்குவோம்.

காலையில் வேலைக்குச் சென்றோர் அனைவரும் மாலையில் வீடு திரும்புவதே முதல் உற்பத்தி. மற்றவை அதன் பின் வருவன.