எலுமிச்சையில் இரகம் தேர்தல்

(தென்காசி வட்டார விவசாயிகளிடையே ஆற்றிய உரை)

 

விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பர். எலுமிச்சைக்கு இம்மொழி முற்றிலும் பொருந்தாது. நட்ட கன்று காய்க்க மூன்று, நான்கு ஆண்டுகள் ஆகும்; அப்பொழுதுதான் அதன் குணம் வெளிப்படும். நெல்லில் தவறினால் அடுத்த போகத்தில் திருத்திக்கொள்ளலாம். தோப்பில் தவறினால் நான்காண்டு உழைப்பும் வீண்.

புதிய இரகம் என்றதும் தொலைவில் தேட வேண்டுவதில்லை. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம். 1 என்னும் இரகம், நம் கடையம் பகுதி எலுமிச்சையிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதே. நம் முன்னோர் பேணிய மரத்தின் வழித்தோன்றலே இன்று சிறந்த இரகமாக நம்மிடம் திரும்பி வந்துள்ளது. மராட்டிய மாநிலத்தில் உருவான விக்ரம், பிரமாலினி ஆகியவை கொத்துக் கொத்தாய்க் காய்ப்பவை. அவை நம் மண்ணுக்கும் குற்றாலச் சாரலுக்கும் ஏற்குமா என்பதை நட்டுப் பார்த்தே அறிய வேண்டும். ஈரம் மிகுந்த இடத்தில் சொறிநோய் எளிதில் பரவும். காயில் சொறி விழுந்தால் புளியங்குடிச் சந்தையில் விலை இறங்கும்.

ஆகவே, பழைய தோப்பை ஒரே நாளில் வெட்டிவிடாதீர்கள். ஐந்து மீட்டர் இடைவெளியில் ஏக்கருக்குச் சுமார் 160 மரங்கள் நிற்கும். நலிந்த மரங்கள் இருபதை மட்டும் நீக்கி, அவ்விடத்தில் புதிய இரகத்தை நடுங்கள். நான்கைந்து ஆண்டுகள் காய்ப்பு, சாறு, தோல், நோய், கோடைக்காய் ஆகியவற்றைப் பழைய மரத்தோடு ஒப்பிட்டுக் குறித்து வாருங்கள். வென்றதைப் பெருக்குங்கள், தோற்றால் இழப்பு சிறிது.

கன்றுக்கு வேர் தாய்மரம். பல ஆண்டுகள் தவறாது காய்த்த, நோயற்ற மரத்தின் பழத்திலேயே விதை எடுங்கள். எலுமிச்சையின் ஒரு விதையில் பல முளைகள் எழும். அவற்றுட் பெரும்பாலானவை தாயின் திசுவிலிருந்தே தோன்றுவதால் தாயையே ஒத்திருக்கும். நாற்றங்காலில் மற்றவற்றினின்று மாறுபட்டு நிற்பவற்றைக் களைந்துவிடுங்கள். மரத்தை நலிவிக்கும் டிரிஸ்டீசா என்னும் நச்சுயிரி நோய் விதையால் பரவுவதில்லை. நோயுற்ற மரத்தின் மொட்டை ஒட்டுவதாலும் அசுவினியாலும் பரவும். எனவே ஒட்டுக்கன்று வாங்குவோர், மொட்டு எடுத்த மரம் எது என்று கேளாமல் வாங்கலாகாது.

ஊராட்சி உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஊரின் சிறந்த பத்து மரங்களைக் கண்டறிந்து, அவற்றின் விளைச்சலை ஆண்டுதோறும் ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். வன்னிக்கோனேந்தல் எலுமிச்சை ஆராய்ச்சி நிலையத்தாரிடம் அவ்வேட்டைக் காட்டி ஆலோசனை பெறுங்கள். கடையத்து மரம் ஒன்று நாடறிந்த இரகமானது போல, உங்கள் ஊர் வேலியோரத்திலும் ஒரு நல்ல மரம் அறியப்படாமல் நிற்கக்கூடும். அது பட்டுப்போகுமுன் அதன் வித்தைக் காப்பது நம் கடமை.