மூத்த கொடியின் சாறு

(சந்திப்பு விழாவில் தாவரவியல் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)



"மகனைப் பார்க்க ஆஸ்திரேலியா போனியே, என்னத்தப் பார்த்தே?" என்று நண்பர்கள் கேட்டார்கள். பார்த்ததைவிட ருசித்ததைச் சொல்கிறேன். ஒயின்தான்! ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். குடித்தது இரண்டே மடக்கு. அதுவும் தாவரவியல் மாணவன் என்ற முறையில்!

அடிலெய்டு நகருக்கு வடகிழக்கே இருக்கிறது பரோசா பள்ளத்தாக்கு. 1840-களில் அங்கே குடியேறிய ஜெர்மானியர்கள் திராட்சை பயிரிட்டார்கள். நான் போன தோட்டத்தில் ஷிராஸ் என்னும் கருந்திராட்சை. நூறு வயது தாண்டிய கொடிகள். அடித்தண்டு, பிழிந்து போட்ட வேட்டி மாதிரி முறுக்கேறி நின்றது.

1860-களிலிருந்து ஐரோப்பியத் தோட்டங்களை ஃபைலாக்சரா என்ற வேர்ப்பூச்சி அழித்தது. அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் பிழைத்தார்கள். பரோசாவுக்குள் அந்தப் பூச்சி நுழையவில்லை. அதனால் இந்தக் கிழங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன.

பூச்சிக்குத் தப்பியது கணக்குக்குத் தப்பவில்லை. 1980-களின் நடுவில் திராட்சை மிகுந்து விலை விழுந்தது. கொடியைப் பிடுங்கினால் அரசு பணம் தந்தது. கிழக்கொடியில் காய்ப்பு குறைவு. பல தோட்டங்களில் அதைத்தான் பிடுங்கினார்கள். "அப்பா பாதித் தோட்டத்தைப் பிடுங்கிக் கடனை அடைச்சார். மீதிப் பாதிக்கு அவருக்கு மனசு வரலை" என்றார் தோட்டக்காரர். அவரைக் குறை சொல்ல முடியுமா?

அந்த மீதிப் பாதியின் ஒயினைத்தான் ஊற்றிக் கொடுத்தார். மை போலக் கறுப்பு, ஓரத்தில் ஊதா. மோந்தால் நாவல்பழம், பின்னாலேயே மிளகு. மிளகு என் கற்பனை அல்ல. மிளகில் உள்ள ரோட்டண்டோன் என்ற அதே பொருள் ஷிராஸிலும் இருப்பதை 2008-இல் அடிலெய்டு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். வாயில் வைத்ததும் துவர்ப்பு. நாக்கை இழுக்குமோ என்று பயந்தேன், இழுக்கவில்லை. விழுங்கி வெகுநேரம் ருசி போகவே இல்லை. காய்ப்பு குறைவதால் பழத்தில் சாரம் கூடுகிறது என்கிறார் அவர்.

2009-இல் பரோசாவில் மூத்த கொடிகளுக்கென்றே ஒரு பட்டயம் எழுதினார்கள். 35 வயதானால் பழங்கொடி, 125 வயதானால் மூதாதை! ஆனால் பிடுங்கியது பிடுங்கியதுதான். நூறு வயதுக் கொடி வேண்டுமென்றால் நூறு வருஷம் காத்திருக்கணும்.

மாணவச் செல்வங்களே, எந்தக் கிழத்தையும் "எத்தனை கிலோ காய்க்கும்?" என்று கேட்பதற்கு முன்னால் ஒரு வாய் ருசி பாருங்கள்.