மீதம் எவ்வளவு என்று தெரிய வேண்டாமா?



பேருந்தில் ஏறுகிறவர்களைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். அட்டையைத் தட்டியதும் சிலர் நேரே உள்ளே போய்விடுவார்கள். சிலர் மட்டும் அரை விநாடி நின்று, அந்தச் சிறிய திரையைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்கள். துணிப்பையைச் சுமந்தபடி துப்புரவு வேலைக்குப் போகும் அம்மாள், கட்டுமானத் தளத்திலிருந்து திரும்பும் ஊழியர், மாதக் கடைசியில் ஒவ்வொரு வெள்ளியையும் எண்ணிச் செலவிடும் குடும்பத் தலைவர் ஆகியோர் அப்படிப்பட்டவர்கள். அவர்கள் பார்ப்பது ஓர் எண். அட்டையில் 4 வெள்ளி 20 காசு இருக்கிறது என்று தெரிந்தால், இன்றைக்குப் போய்வரலாம், நாளைக் காலையில் பணம் நிரப்ப வேண்டும் என்று மனத்துக்குள் கணக்கு முடிந்துவிடும். இறங்கும்போது இன்னொரு முறை பார்ப்பார்கள். எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மிச்சம் என்று தெரிந்துகொள்வார்கள்.

இந்தச் சிறிய எண்ணை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை 2024ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் சிங்கப்பூர் கண்டது.

13 நாளில் மாறிய முடிவு

அவ்வாண்டு ஜனவரி 9ஆம் தேதி நிலப் போக்குவரத்து ஆணையம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. பெரியவர்கள் பயன்படுத்தும் பழைய முறையிலான ஈசி-லிங்க் அட்டைகளும் நெட்ஸ் ஃபிளாஷ்பே அட்டைகளும் ஜூன் 1ஆம் தேதி முதல் பேருந்திலும் ரயிலிலும் செல்லாது, அனைவரும் சிம்ப்ளிகோ முறைக்கு மாறிக்கொள்ள வேண்டும் என்பதே அந்த அறிவிப்பு. காரணங்களும் கூறப்பட்டன. பழைய முறையின் ஆயுள் முடியும் கட்டத்துக்கு வந்துவிட்டது. இரண்டு முறைகளைச் சேர்த்து நடத்தினால் செலவு அதிகம். தவிரவும், பெரியவர் கட்டணப் பரிவர்த்தனைகளில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே சிம்ப்ளிகோ வழியாகத்தான் நடக்கிறது.

அறிவிப்பு வந்த சில நாள்களிலேயே அட்டையை மாற்றும் இடங்களில் வரிசை நீண்டது. எதிர்ப்புக் குரலும் எழுந்தது. ஜனவரி 22ஆம் தேதி முடிவு மாற்றப்பட்டது. பழைய அட்டைகள் ஜூன் மாதத்துக்குப் பிறகும் செல்லும் என்றும், அதற்காகக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி செலவிடப்படும் என்றும் அறிவிக்கப்பட்டது. அப்போது போக்குவரத்து அமைச்சராக இருந்தவர் திரு சீ ஹொங் டாட்.

பதின்மூன்றே நாளில் ஓர் அரசாங்க முடிவு மாறுவது சிங்கப்பூரில் அடிக்கடி நடக்கும் காரியம் அல்ல. அப்படியானால் மக்களுக்கு உறுத்தியது எது? பலரும் சொன்ன முதல் குறை ஒன்றுதான். சிம்ப்ளிகோ அட்டையைத் தட்டினால், கழிந்த கட்டணமும் மீதமுள்ள தொகையும் திரையில் தெரிவதில்லை.

அட்டையிலிருந்த பணம் எங்கே போனது?

இதற்கான காரணத்தைப் புரிந்துகொள்வது கடினமில்லை. பழைய முறையில் பணத்தின் கணக்கு அட்டையின் சில்லுக்குள்ளேயே இருக்கிறது. தட்டும்போது கருவி அதைப் படிக்கிறது, கட்டணத்தைக் கழிக்கிறது, மீதத்தை எழுதுகிறது, காட்டுகிறது. எல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும். பணம் பயணியின் சட்டைப் பையில் இருப்பது போல.

சிம்ப்ளிகோவில் அட்டை வெறும் அடையாளச் சீட்டு. இன்னார் இங்கே ஏறினார், அங்கே இறங்கினார் என்பதை மட்டும் கருவி குறித்துக்கொள்கிறது. கணக்கு வேறோர் இடத்தில், ஆணையத்தின் கணினியில் நடக்கிறது. அந்தக் கணினியைக் கேட்டு, பதில் வாங்கித் திரையில் காட்ட வேண்டுமென்றால் சில விநாடிகள் கூடுதலாக ஆகும். காலை நேரத்தில் ஒவ்வொருவரும் சில விநாடி நின்றால் வாயிலில் கூட்டம் தேங்கிவிடும். அதனால்தான் எண் மறைந்தது.

புதிய முறையில் நன்மைகள் உண்டு என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். வங்கி அட்டையையோ கைத்தொலைபேசியையோ தட்டிப் பயணம் செய்யலாம். வரிசையில் நிற்காமல் வீட்டிலிருந்தே பணம் நிரப்பலாம். அட்டை தொலைந்தால் உடனே முடக்கி, மீதப் பணத்தைக் காப்பாற்றலாம். பயணச் செலவு முழுவதையும் செயலியில் பார்க்கலாம். இவை சாதாரண வசதிகள் அல்ல. 2019ஆம் ஆண்டு தொடங்கிய இந்த முறைக்குப் பலர் விரும்பியே மாறினார்கள்.

ஆனால் ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை எடுத்துக்கொண்டால், எடுக்கப்பட்டதைப் பற்றி மக்கள் கேட்கத்தான் செய்வார்கள். எடுக்கப்பட்டது கண்ணெதிரே தெரிந்த கணக்கு.

555 கணக்குப் புத்தகம்

அந்தக் காலத்து மளிகைக் கடைகளில் 555 என்று அச்சிட்ட சிறிய நோட்டுப் புத்தகம் இருக்கும். அரிசி, பருப்பு, சீனி எல்லாம் கடனுக்கு வாங்கலாம். கடைக்காரர் வாங்கியவரின் கண்ணெதிரே எழுதுவார். எழுதிய தொகையை வாங்கியவர் எட்டிப் பார்ப்பார். அதற்காகக் கடைக்காரரும் கோபித்துக்கொள்ள மாட்டார். பார்ப்பது சந்தேகத்தினால் அல்ல. பார்த்து நடந்த கணக்கில் பின்னால் பேச்சுக்கு இடமில்லை, அவ்வளவுதான். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று பெரியவர்கள் சொல்லி வைத்ததும் இதனால்தான்.

பேருந்துக் கட்டணத்துக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும். 2010ஆம் ஆண்டு ஜூலை முதல் சிங்கப்பூரில் கட்டணம் பயணத் தொலைவைப் பொறுத்தது. பேருந்தும் ரயிலும் மாறி மாறிப் போனாலும் மொத்தத் தொலைவுக்கே கணக்கு. நியாயமான ஏற்பாடுதான். ஆனால் கட்டணம் ஒவ்வொரு பயணத்துக்கும் மாறும். இறங்கும்போது தட்ட மறந்தால், அந்தப் பேருந்து கடைசி நிறுத்தம் வரை போகும் தொலைவுக்குக் கட்டணம் கழிந்துவிடும். இப்படி மாறக்கூடிய ஒரு தொகைக்குத் திரையில் தெரியும் எண்தான் ரசீது. ரசீது கேட்பவரைப் பழமைவாதி என்று யாராவது சொல்வார்களா?

செயலியில் பார்த்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். பார்க்கலாம். அதற்குக் கைத்தொலைபேசி வேண்டும், இணையம் வேண்டும், கணக்குத் திறக்க வேண்டும், அட்டை எண்ணைப் பதிய வேண்டும். ஒரு பக்கம், தெரியாத செயலியைத் தொடாதீர்கள், அட்டை விவரத்தை எங்கும் கொடுக்காதீர்கள், மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள் என்று நாள்தோறும் எச்சரிக்கை. இன்னொரு பக்கம், இரண்டு வெள்ளி மீதம் பார்க்க இத்தனை வேலை. எச்சரிக்கையை மதித்து நடப்பவர் தயங்கினால் அது அவர் குற்றமா?

பிடிவாதக்காரர்களா?

பழைய அட்டையை விடாதவர்கள் புதுமையைக் கண்டு பயப்படுகிறவர்கள் என்ற பேச்சும் அப்போது எழுந்தது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கருவியில் செருகும் காந்தப்பட்டை அட்டையை விட்டுவிட்டு, 2002ஆம் ஆண்டு ஈசி-லிங்க் வந்தபோது மக்கள் மாறினார்கள். 2009ஆம் ஆண்டு செபாஸ் எனப்படும் புதிய தரநிலை வந்தபோது, பழைய அட்டையைக் கொடுத்துப் புதிய அட்டையை வாங்கிக்கொண்டார்கள். அந்த இரண்டு மாற்றத்திலும் மீதத் தொகை திரையில் தெரிந்துகொண்டே இருந்தது. மாற்றம் மூன்றாவது முறை வந்தபோதுதான் அது மறைந்தது. எதிர்ப்பும் அப்போதுதான் வந்தது.

இன்னொரு காரணமும் இருந்தது. பழைய ஈசி-லிங்க் அட்டையை வாகனத்திலும் பயன்படுத்தலாம். மின்னியல் சாலைக் கட்டணம், கார் நிறுத்துமிடக் கட்டணம் இரண்டுக்கும் அது உதவும். சிம்ப்ளிகோவுக்கு மாற்றிய அட்டை அதற்கு உதவாது. ஒரே அட்டையில் எல்லாம் முடிந்தவருக்கு இரண்டு அட்டை தேவைப்படுகிறது. இது முன்னேற்றமா என்று அவர் கேட்டால் என்ன பதில்?

இங்கேதான் எண்ணிக்கை ஏமாற்றுகிறது. மூன்றில் இரண்டு பங்கு பரிவர்த்தனை புதிய முறையில் நடக்கிறது என்றால், மக்கள் புதிய முறையை ஏற்றுக்கொண்டார்கள் என்பது மட்டுமே பொருள். பழைய முறையை எடுத்துவிடலாம் என்று அவர்கள் ஒப்புதல் கொடுத்ததாகப் பொருள் இல்லை. மீதி ஒரு பங்கு ஏன் மாறவில்லை என்று கேட்டிருந்தால், பதில் அறிவிப்புக்கு முன்பே கிடைத்திருக்கும்.

தொலைக்காட்சிப் பெட்டி தரும் பாடம்

இப்படிக் கேட்டுச் செய்வது சிங்கப்பூருக்குப் புதிதல்ல. தொலைக்காட்சி மின்னிலக்க ஒளிபரப்புக்கு மாறியதை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பழைய ஒளிபரப்பை 2017ஆம் ஆண்டு இறுதியில் நிறுத்துவதாகத் திட்டம். பல வீடுகள் இன்னும் மாறவில்லை என்று தெரிந்ததும், காலக்கெடு 2018 இறுதி வரை தள்ளி வைக்கப்பட்டது. கட்டணத் தொலைக்காட்சி இல்லாத, வீவக வீடுகளில் வசிக்கும் சிங்கப்பூர்க் குடும்பங்களுக்குத் தேவையான கருவி இலவசமாக வழங்கப்பட்டது. பழைய பெட்டியை வைத்திருந்த முதியவர் அதே பெட்டியில் தொடர்ந்து நிகழ்ச்சி பார்த்தார். அவரிடமிருந்து எதுவும் பறிபோகவில்லை. மாற்றம் அமைதியாக முடிந்தது.

கொவிட் காலத்தில் டிரேஸ்டுகெதர் செயலி வந்தபோதும், திறன்பேசி இல்லாத மூத்தோருக்காக 2020ஆம் ஆண்டிலேயே கையடக்கக் கருவி கொடுக்கப்பட்டது. சிடிசி பற்றுச்சீட்டுகள் கைத்தொலைபேசிக்கு வந்தபோது, அது இயலாதவர்கள் சமூக மன்றத்துக்குப் போய் அச்சிட்டு வாங்கிக்கொள்ள வழி செய்யப்பட்டது. இந்த மூன்றிலும் ஒரே பண்பைக் காணலாம். புதிய பாதையில் வர முடியாதவர்களுக்கும் முன்கூட்டியே ஒரு வழி யோசிக்கப்பட்டிருந்தது.

40 மில்லியன் வெள்ளி யாருடைய செலவு?

முடிவை மாற்றியதைக் குறை கூறியவர்களும் உண்டு. சிலருடைய வசதிக்காக எல்லாருடைய வரிப் பணத்தையும் செலவழிப்பதா என்று அவர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட முடியாது. அப்போது ஏறத்தாழ 5.9 மில்லியன் மக்கள் வாழ்ந்த நாட்டில் 40 மில்லியன் என்பது தலைக்கு ஏறத்தாழ 7 வெள்ளி. அது ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவு. காசு காசுதான்.

ஆனால் இந்தச் செலவு மக்களின் பிடிவாதத்துக்குக் கொடுத்த விலை அல்ல. முதலில் கேட்காமல் பிறகு கேட்டதற்குக் கொடுத்த விலை. கட்டடம் எழுப்பிய பிறகு கதவை மாற்றினால் செலவு கூடும். வரைபடத்தில் இருக்கும்போதே மாற்றினால் ஒரு கோடு அழித்து ஒரு கோடு போட்டால் போதும். புதிய முறையை வடிவமைக்கும்போதே, மீதத்தைக் காட்டியாக வேண்டும் என்பது முதல் நிபந்தனையாக இருந்திருந்தால், பொறியாளர்கள் அதற்கு ஏற்ற வழியைத் தேடியிருப்பார்கள். அது வசதிகளின் பட்டியலில் கடைசியில் இருந்ததால், விநாடிக் கணக்கில் அடிபட்டுப் போனது.

தவறு என்று தெரிந்ததும் முடிவை மாற்றியது பாராட்டத்தக்கது. அதைப் பலவீனம் என்று சொல்வது சரியல்ல. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றிருந்தால் ஜூன் மாதத்தில் இன்னும் பெரிய குழப்பம் வந்திருக்கும்.

ஆயினும் இந்த நீட்டிப்பு நிரந்தரம் அல்ல. பழைய கருவிகளுக்கும் வயதாகிறது. என்றாவது ஒரு நாள் அவை போகத்தான் வேண்டும். அந்த நாள் வரும்போது, எத்தனை பேர் மாறிவிட்டார்கள் என்று மட்டும் எண்ணாமல், மாறாதவர்கள் எதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று முதலில் கவனிக்க வேண்டும். இது பேருந்துக் கட்டணத்துக்கு மட்டும் உரிய பாடமும் அல்ல. வங்கி, மருத்துவமனை, தண்ணீர்க் கட்டணம், மின்கட்டணம் என்று எல்லாம் செயலிக்குள் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. பணம் எங்கே கழிகிறதோ, அங்கேயே எவ்வளவு கழிந்தது என்று தெரிய வேண்டும். இது சலுகை அல்ல, கொடுக்கிறவரின் உரிமை.

விடியற்காலையில் துணிப்பையோடு ஏறும் அந்த அம்மாள் அரை விநாடி நின்று பார்ப்பது தன் உழைப்பின் கணக்கை. பின்னால் நிற்பவர்கள் அந்த அரை விநாடி பொறுத்துக்கொள்ளலாம். திட்டம் தீட்டுகிறவர்களும் பொறுத்துக்கொள்ளலாம்.