வலி நின்றால் நோய் போய்விட்டதா?



இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் கணையம், உணவைச் செரிக்கும் நீரையும் இன்சுலினையும் சுரக்கும் உறுப்பு. சம்சு போன்ற மதுவாலோ பித்தப்பைக் கல்லாலோ அதில் அழற்சி ஏற்பட்டால், மேல் வயிற்றில் கடும் வலி எடுத்து முதுகுவரை பாயும். பலருக்கு ஒரு வாரத்தில் வலி தணிந்துவிடும். அதோடு நோய் தீர்ந்தது என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

சிலருக்குக் கணையத்தின் ஒரு பகுதி அழுகி, சில வாரங்களில் கிருமி பற்றும். காய்ச்சல், ஓயாத வாந்தி, வயிற்றுப் புடைப்பு, மூச்சுத் திணறல், சிறுநீர் குறைதல் ஆகியவை அபாயக் குறிகள். தோட்டத்தில் இருந்தாலும் பாயான் பாரு அடுக்குமாடியில் இருந்தாலும், தைலம் தேய்த்து விடியும்வரை காத்திராமல் 999-ஐ அழைத்துப் பெரிய மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

அங்கே இரத்தப் பரிசோதனையும் சி.டி. ஸ்கேனும் செய்வார்கள். நீர் தேங்கியிருந்தால் உடனே அறுப்பதில்லை. பல நேரம் அது தானே வற்றும். வற்றாமல் தொல்லை தந்தால், சுற்றிலும் சுவர் திடப்பட ஏறக்குறைய 4 வாரம் பொறுத்து, வாய்வழியே குழாய் செலுத்தி இரைப்பைக்குள் வடிப்பார்கள். "ஏன் இன்னும் அறுக்கவில்லை?" என்று குடும்பத்தார் பதற வேண்டாம், அந்தக் காத்திருப்பும் சிகிச்சையே.

வீடு திரும்பிய பின் நீரிழிவு வரலாம், சர்க்கரையைச் சோதித்துக்கொள்வோம். கல் காரணமென்றால் பித்தப்பையை அகற்ற இசைவோம். மதுவை அறவே விடுவோம்.