மெயில் தானாக அழியாமல் இருக்க
(தொண்டியில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

கடன், தவணை பத்தி இன்னிக்கு நான் பேசப்போறது இல்லை. ஈ-மெயில் பத்திப் பேசச் சொல்லியிருக்காங்க. "எங்களுக்கு வாட்ஸ்அப் போதும், மெயிலை யாரு பாக்குறா"ன்னு பின்வரிசையில ஒரு அக்கா சொல்றது காதுல விழுது. அவங்க சொல்றதும் உண்மைதான். நம்மில் பல பேர் மெயில் பார்ப்பதில்லை. ஆனால் கேட்கிற இடத்தில் எல்லாம் மெயில் முகவரியைக் கொடுத்துவிடுகிறோம். உத்யம் பதிவுக்குக் கொடுத்தோம். கருவாடும் இறால் ஊறுகாயும் பாக்கெட் போட்டு விற்கிற குழுக்கள் உணவுப் பாதுகாப்புப் பதிவுக்குக் கொடுத்தாங்க. பிள்ளைகளோட இன்ஜினியரிங் கவுன்சலிங், பாஸ்போர்ட், பேங்க் கணக்கு, எல்லாத்துக்கும் கொடுத்திருக்கோம். முகவரியைக் கொடுத்தவர் தபால்பெட்டியைத் திறக்கவில்லை என்றால் அனுப்பியவர் என்ன செய்வார்?

சட்டமும் இந்த விஷயத்தில் கொஞ்சம் கறாராகத்தான் இருக்கு. 2000ஆம் வருஷத்து தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 13ஆவது பிரிவு என்று ஒன்று. வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாத பட்சத்தில், இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று நீங்க குறிப்பிட்டுக் கொடுத்திருந்தால், அந்தக் கணக்குக்குள் செய்தி நுழைந்த நேரமே உங்களுக்குக் கிடைத்த நேரம். நீங்க திறந்து படிச்சீங்களா என்பதை அந்தப் பிரிவு கேட்கவில்லை.

மெயில் என்பது பட்டணத்துக்காரங்க சமாச்சாரம்னும் நினைக்காதீங்க. இங்கேயிருந்து மதுரை ரோட்டுல போனா, மதுரை மாவட்டத்து மேலூர் வட்டாரத்துல 2001லேயே சென்னை ஐ.ஐ.டி. உள்ளிட்டவங்க சேர்ந்து கிராமங்களில் இன்டர்நெட் மையங்கள் திறந்தாங்க. அங்கேயிருந்து அரசு அலுவலகத்துக்கு மனு மெயிலில் போச்சு. கண்ணைப் படம் பிடிச்சு அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி யோசனை கேட்டாங்க. பல மையங்கள் சில வருஷங்களில் மூடிப்போனாலும், கிராமத்து ஜனங்களுக்கு மெயில் பழகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு.

சரி, விஷயத்துக்கு வருவோம். நம்மில் பெரும்பாலானவங்க வெச்சிருக்கிறது ஜிமெயில். அதனால அதையே வெச்சு சொல்றேன். "மெயில் வந்துச்சு, இப்ப காணோம், நான் எதையும் அழிக்கலையே" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. அழிக்கிறது வேற ஆள். பெட்டிக்குள்ளேயே சில விதிகள் இருக்கு, அதுங்க பாட்டுக்கு வேலை செய்யும்.

முதல்ல ஸ்பாம். விளம்பரம், மோசடி என்று சந்தேகப்படுகிற மெயிலை ஜிமெயில் தானே பிரித்து அந்தப் பையில் போட்டுவிடும். 30 நாள் அங்கே கிடக்கும், பிறகு தானாக அழிந்துவிடும். வலை என்றால் வேண்டாத மீனோடு சில சமயம் நல்ல மீனும் மாட்டத்தானே செய்யும். உங்களுக்கு முன்பின் மெயில் போட்டிராத ஆள், நிறைய பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்பும் அலுவலகம், இவங்க மெயில்தான் அதிகமா சிக்கும். இப்படி வெச்சுக்குவோம். சாரஸ் கண்காட்சியில் நம்ம ஊறுகாயை ருசி பார்த்த ஒரு கடைக்காரர் ஊருக்குப் போய் 200 பாட்டில் வேணும்னு மெயில் போடுறார். அது ஸ்பாமில் விழுகிறது. ஒரு மாசம் கழிச்சு ஆர்டரும் இல்லை, அவர் முகவரியும் இல்லை. இவங்களுக்கு விருப்பமில்லை போலன்னு அவரும் வேற ஆளைப் பார்த்துக்குவார்.

இதற்குப் பெரிய வித்தை ஒன்றும் தேவையில்லை. வாரக் கூட்டத்தில் சேமிப்பு வாங்கி எழுதி முடித்ததும், குழுவின் மெயிலைத் திறந்து ஸ்பாம் பையை ஒரு தடவை பாருங்க. நல்ல மெயில் கிடந்தால் "நாட் ஸ்பாம்" என்பதை அழுத்துங்க, அது இன்பாக்ஸுக்கு வந்துவிடும். மாசத்துக்கு ஒரு தடவை பாக்குறேன்னு சொல்லாதீங்க. 30 நாள் என்பது ஒரு கூட்டம் தள்ளிப்போனாலே முடிந்துவிடுகிற கணக்கு. பேங்க், மகளிர் திட்ட அலுவலகம் மாதிரி முக்கியமான முகவரிகளுக்கு ஃபில்டர் ஒன்று போட்டு, "நெவர் சென்ட் இட் டு ஸ்பாம்" என்பதில் டிக் அடித்து வைத்தால் அவை ஸ்பாமுக்கே போகாது.

டிராஷ், அதாவது குப்பைத்தொட்டி. அதற்கும் அதே 30 நாள்தான். கை தவறி அழித்ததை அதற்குள் எடுத்துவிடலாம். போனில் விரலால் ஒதுக்கினால் மெயில் மறைந்துபோகும், பார்த்திருப்பீங்க. அது பெரும்பாலும் அழிவதில்லை, ஆர்க்கைவ் ஆகும், "ஆல் மெயில்" என்ற இடத்தில் இருக்கும். ஆனால் சில போனில் அந்த ஒதுக்கலை டெலிட் என்று மாற்றி வைத்திருப்பார்கள். செட்டிங்ஸில் "ஸ்வைப் ஆக்‌ஷன்ஸ்" என்று இருக்கும், பார்த்து ஆர்க்கைவ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைங்க கையில் போன் கொடுக்கிற வீடுகளில் இது ரொம்ப முக்கியம்!

இப்ப சொல்லப்போறது போனில் சரிப்படாது, கம்ப்யூட்டரில்தான் பார்க்கணும். ஜிமெயிலில் மேலே பல்சக்கரம் மாதிரி ஒரு படம் இருக்கும். அதை அழுத்தி "சீ ஆல் செட்டிங்ஸ்" போங்க. அங்கே இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும்.

ஒன்று, "ஃபில்டர்ஸ் அண்ட் பிளாக்ட் அட்ரஸஸ்". விளம்பரத் தொல்லை தாங்காமல் யாராவது ஒரு தம்பி, 'லோன்' என்ற சொல் வந்தால் அழித்துவிடு என்று விதி எழுதியிருக்கலாம். நல்ல எண்ணம்தான். ஆனால் நம்ம பேங்க் அனுப்புற கடிதத்திலும் லோன் என்ற சொல் இருக்குமே! வரிசையில் "டிலீட் இட்" என்று எது இருந்தாலும் ஏன் என்று கேளுங்க. காரணம் தெரியாவிட்டால் அந்த விதியை எடுத்துவிடுங்க.

இன்னொன்று, "ஃபார்வர்டிங் அண்ட் பாப்/ஐமேப்". பழைய அலுவலகக் கணக்குகளில் நிறைய மெயில் இந்த இடத்தில்தான் போகிறது, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்றேன். கூட்டமைப்பு அலுவலகக் கம்ப்யூட்டரில் அவுட்லுக் போன்ற புரோகிராமில் மெயிலை இறக்குகிறோம் அல்லவா? அதில் பாப் என்ற முறையில் இறக்கினால், இறக்கிய பிறகு ஜிமெயிலில் உள்ள பிரதியை என்ன செய்ய என்று இங்கே ஒரு கேள்வி இருக்கும். "டிலீட் ஜிமெயில்ஸ் காப்பி" என்று இருந்தால், கடிதம் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் மிஞ்சும். அந்த ஹார்ட் டிஸ்க் போச்சுன்னா மொத்தமும் போச்சு. நம்ம ஊர் உப்புக்காற்றில் கம்ப்யூட்டர் எத்தனை நாள் உழைக்கும்னு உங்களுக்கே தெரியும். அதை "கீப் ஜிமெயில்ஸ் காப்பி இன் தி இன்பாக்ஸ்" என்று மாற்றுங்க. அதே பக்கத்தில், வருகிற மெயிலை வேறு முகவரிக்கு அனுப்பிவிட்டு இங்கே அழிக்கிற வசதியும் உண்டு. முன்னாடி இருந்த கணக்காளர் தன் சொந்த முகவரிக்குத் திருப்பி வைத்துவிட்டுப் போயிருக்கலாம். மாற்றிய பிறகு கீழே "சேவ் சேஞ்சஸ்" அழுத்த மறக்காதீங்க. அழுத்தலேன்னா பட்ட பாடெல்லாம் வீண்.

இடம் நிரம்புவது இன்னொரு தொல்லை. கூகுள் பொதுவாக இலவசமாகத் தருவது 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் எடுத்து வைக்கிற பேக்கப்பும் இப்போது இந்தக் கணக்கில்தான் சேரும். குழுவின் மெயிலை ஒரு உறுப்பினர் போனில் போட்டு, அவங்க வாட்ஸ்அப்பும் அதிலேயே பேக்கப் ஆனால், காலை வணக்கம் படமும் கல்யாண வீடியோவும் சேர்ந்து இடத்தை அடைத்துவிடும். அடைந்தால் புதுக் கடிதம் வராது, அனுப்பியவருக்கே திரும்பிப் போகும். அப்படியே இரண்டு வருஷம் விட்டால் உள்ளே இருப்பதையும் கூகுள் அழிக்கலாம்.

1996இல் நம்ம நாட்டுக்காரர் சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் சேர்ந்து தொடங்கிய ஹாட்மெயிலில் கிடைத்தது 2 எம்.பி. இடம்தான். இன்னிக்கு போனில் எடுக்கிற ஒரே ஒரு போட்டோவுக்கே அது பத்தாது. 2004இல் ஜிமெயில் வந்து 1 ஜி.பி. கொடுத்த பிறகுதான், எதையும் அழிக்க வேண்டாம் என்ற பழக்கம் வந்தது. அந்தப் பழக்கம்தான் நம்மை அசட்டையாக்கிவிட்டது என்று எனக்குத் தோணுது.

கணக்கையே அழிக்கிற விதியும் இருக்கு. இரண்டு வருஷம் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை அழிப்போம் என்று 2023 மே மாதம் கூகுள் அறிவித்தது. அந்த டிசம்பரிலிருந்து நடைமுறைக்கும் வந்தது. அழிக்கும் முன் அந்த முகவரிக்கும், ரெக்கவரி முகவரி கொடுத்திருந்தால் அதற்கும் எச்சரிக்கை அனுப்புவார்கள். ரெக்கவரி இல்லையென்றால், யாரும் திறக்காத பெட்டிக்குள்ளேயே எச்சரிக்கையும் கிடக்கும். உத்யம் பதிவுக்காக அவசரத்துக்கு ஒரு மெயில் உருவாக்கி, அன்றோடு மறந்துபோன குழுக்கள் இங்கே இருந்தால் கவனிங்க. உள்ளே போய் ஒரு மெயிலைப் படித்தாலே கணக்கு உயிரோடு இருப்பதாக எடுத்துக்கொள்வார்கள்.

வெளிநாட்டில் வேலை பார்க்கிறவங்க வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நம்ம ஊரில் இது பாதி வீட்டுக்குப் பொருந்தும். அவங்க வேலை ஒப்பந்தம், விசா நகல், சம்பளம் இவ்வளவு என்று சொன்ன கடிதம், பல நேரம் மெயிலில்தான் வந்திருக்கும். அங்கே போனதும் சொன்ன சம்பளம் வேறே, கொடுக்கிற சம்பளம் வேறேன்னு ஆனால், தூதரகத்தில் காட்ட அந்தக் கடிதம்தான் ஆதாரம். அதை மெயிலில் மட்டும் விட்டுவைக்காதீங்க. பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு வைக்கிற இடத்தில் வைங்க. ஒரு பிரதியை டிஜிட்டலாகவும் வேறு இடத்தில் சேமிங்க.

குழுவின் பாஸ்வேர்டு ஒரே பெண் கையில் இருக்கக் கூடாது. அவள் கல்யாணமாகிப் போனால் மெயிலும் அவளோடு போய்விடும். பேங்க் கணக்குக்கு ஊக்குநர், பிரதிநிதி என்று கூட்டுக் கையெழுத்து வெச்சிருக்கோமே, அந்த மாதிரி. பாஸ்வேர்டை எழுதி, கவரில் ஒட்டி, பதிவேடு இருக்கிற டிரங்குப் பெட்டியில் வையுங்க. ரெக்கவரி நம்பர் கூட்டமைப்பு நம்பராக இருக்கட்டும். நிர்வாகிகள் மாறும்போது பாஸ்வேர்டையும் மாற்றி, மாற்றியதைத் தீர்மான நோட்டில் எழுதுங்க.

ஒரு எச்சரிக்கை. "உங்கள் மெயில் 24 மணி நேரத்தில் அழியும், இந்த லிங்கை அழுத்துங்கள்" என்று செய்தி வரும். மெயில் அழியும்னு நான் இவ்வளவு பயமுறுத்திட்டேன், அதனால இதை நம்பத் தோணும். அழுத்தாதீங்க. சந்தேகம் என்றால் நேரே ஜிமெயிலைத் திறந்து பாருங்க. ஓ.டி.பி. கேட்டால் கொடுக்காதீங்க. பணம் போனால் தாமதிக்காமல் 1930க்குப் போன் பண்ணுங்க.

போன் வெச்சிருக்கவங்க இப்பவே எடுத்து ஸ்பாம் பையைத் திறங்க. கம்ப்யூட்டர் அடுத்த ரூமில் தயாரா இருக்கு. குழுவுக்கு இரண்டு பேரா, பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க ஒருத்தர், தெரியாதவங்க ஒருத்தர், வரிசையா வாங்க. தெரியாதவங்கதான் மவுஸைப் பிடிக்கணும்.