நோன்பு நாளில் வரும் மயக்கம்



தசலட்சண பருவத்தில், ஜினாலயத்தில் அபிஷேகம் நடைபெறும் வேளையில், முதியவர் ஒருவர் நினைவிழந்து சாய்வது அரிய நிகழ்ச்சியன்று. முகத்தில் நீர் தெளிப்பர். அவர் கண் விழிப்பார். 'நோன்பின் களைப்பு' என்று கூறி அனைவரும் அமைதியுறுவர். களைப்பே காரணமாகவும் இருக்கலாம். ஆயினும் ஆராயாமல் அப்பெயரைச் சூட்டுதல் தகாது. இதயத் துடிப்பு சில நொடிகள் நின்றாலும் மயக்கம் இவ்வாறே வரும், இவ்வாறே தெளியும்.

முதியோரிடம் மிகுதியாகக் காணப்படும் காரணங்களுள் ஒன்று, எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் வீழ்வதாகும். நின்ற மூன்று நிமிடங்களுக்குள் மேல் அளவு 20, அல்லது கீழ் அளவு 10 குறையுமாயின் மருத்துவர் இதனை ஐயுறுவர். அமர்ந்த நிலையில் மட்டும் அளந்தால் இது புலப்படாது. படுத்தும் நின்றும் அளத்தல் வேண்டும். நீரும் அருந்தா உபவாசத்தோடு அழுத்த மாத்திரையும் சிறுநீர் பெருக்கும் மாத்திரையும் கூடின் இவ்வீழ்ச்சி எளிதில் நேரும். ஒருபொழுது உண்போர்க்கு மற்றோர் இடரும் உண்டு. வயிறு நிறைய உண்டபின் குருதி குடலை நாடுவதால், இரண்டு மணி நேரத்திற்குள் அழுத்தம் தாழ்ந்து தலை சுழலலாம். நோன்பு முடிந்தது, இனி அச்சமில்லை என்று எண்ணும் வேளை அது!

காரணம் காண்பதற்கு இ.சி.ஜி. இன்றியமையாதது. அதனினும் பயன் மிக்கது, கண்டவர் சொல். நெடுநேரம் நின்று, வியர்த்து, கண் இருண்டு சாய்ந்தாரா? அமர்ந்திருக்கையில் முன்னறிகுறி ஏதுமின்றிச் சாய்ந்தாரா? பின்னது இதயத்தை ஐயுறச் செய்வது. அன்றே மருத்துவமனை செல்லல் வேண்டும். முதியோர் பலர் மயங்கியதையே மறந்து, 'கால் தடுக்கியது' என்பர். கையில் சிராய்ப்பின்றி முகத்தில் மட்டும் காயம் இருப்பின், கையூன்றும் நினைவும் அவர்க்கு இருந்திராது. உண்மை தெரிந்தால் பிள்ளைகள் நோன்பைத் தடுப்பர் என்று மறைப்போரும் உளர். அவர்பால் சினம் கொள்வது மறைப்பை வளர்க்குமேயன்றிக் குறைக்காது.

ஒரு நாள் முழுதும் இதயத் துடிப்பைப் பதியும் கருவியில் ஒன்றும் தென்படாமலும் போகலாம். மயக்கம் மீண்டும் வருமாயின், மார்புத் தோலுக்கு அடியில் சிறு பதிவுக் கருவியைப் பொருத்தி ஆண்டுக்கணக்கில் கண்காணிப்பதும் உண்டு.

இரவு உண்ணா நெறியினர் இரவு மாத்திரையையும் அந்திக்கு முன்பே விழுங்கிவிடுவர். மாத்திரை எழுதித் தரும் மருத்துவர் இதனை அறியார். பருவம் தொடங்குமுன்பே அவரிடம் இதனைச் சொல்லி, நோன்பு நாள்களுக்குரிய அளவையும் நேரத்தையும் கேட்டறிதல் வேண்டும்.