வருவதாகச் சொன்ன நாள்

இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு யூத சமயத்திலிருந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் ஹெப்பகோடியேதான். பொம்மசந்திராவிலும் எலெக்ட்ரானிக் சிட்டியிலும் ஷிஃப்ட் பார்க்கிற குடும்பங்களின் ஊர் இது. கணவன் நைட் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கும்போது மனைவி ஜெனரல் ஷிஃப்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பாள். டிபன் டப்பாவை மூடியபடியே, பால் வாங்கியாச்சா, ஃபீஸ் கட்டியாச்சா என்று இரண்டு வார்த்தை. புதிதில் இருந்த ஆசை எங்கே போயிற்று என்ற ஏக்கம் இருவருக்குமே இருக்கும், கேட்டுக்கொள்ள நேரம் இருக்காது.

ஆசை தேய்ந்து பழக்கம் மட்டும் எஞ்சுகிற இந்தச் சிக்கலை யூத ஆசான்கள் வழிபாட்டில் முதலில் எதிர்கொண்டார்கள். யூதருக்கு நாளுக்கு மூன்று வேளைத் தொழுகை, சொற்களும் நேரமும் வகுக்கப்பட்டவை. ஆனால் கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னாவில், தொழுகையைக் கடனுக்குச் செய்பவன் மன்றாடவே இல்லை என்கிறார் ரப்பி எலியேசர். மனம் ஒன்றாத ஒழுங்கை அவர்கள் மெச்சவில்லை. அதற்காக, மனம் ஒன்றும்வரை தொழுகையைத் தள்ளிப்போடவும் விடவில்லை. வேதத்தில் தலையாய வசனம் எது என்று ஆசான்கள் வாதிட்ட ஒரு கதை உண்டு. இறைவன் ஒருவனே என்பது என்றார் ஒருவர். அயலானை நேசிப்பது என்றார் இன்னொருவர். காலையில் ஓர் ஆட்டுக்குட்டி, மாலையில் ஓர் ஆட்டுக்குட்டி பலியிடச் சொல்வது என்றார் மூன்றாமவர். தீர்ப்பு, நாள் தவறாத ஒழுங்கைச் சொன்ன மூன்றாமவர் பக்கம்தான் போயிற்று.

அந்த ஒழுங்கின் வலிமைக்கு நம் நாட்டிலேயே சாட்சி உண்டு. கொங்கணக் கரையின் பெனே இஸ்ரேல் என்ற யூத மக்கள் செக்கில் எண்ணெய் ஆட்டிப் பிழைத்தவர்கள். பல தலைமுறைகளாக அவர்களுக்கு ரப்பியும் இல்லை, மறைநூலும் இல்லை. மும்பையில் அவர்களுடைய முதல் தொழுகைக்கூடம் எழுந்ததே 1796இல்தான். ஆனால் யூதரின் ஓய்வுநாளான சனிக்கிழமை செக்கு ஓடாது. அதனாலேயே ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி' என்றார்கள், சனிக்கிழமை ஓய்கிற வாணியர் என்று. நெஞ்சு நிறைந்த வேளைகளும் அவர்களுக்கு இருந்தன: வேண்டுதல் பலித்தால் எலியா தீர்க்கதரிசியின் பெயரால் அவலும் தேங்காயும் சர்க்கரையும் பழங்களும் கலந்து 'மலிதா' படைப்பார்கள். ஆனால் அவர்களை யூதராகவே காத்ததில் வாரந்தோறும் நின்ற அந்தச் செக்குக்குத்தான் பெரும்பங்கு என்று நினைக்கிறேன்.

இல்லறத்துக்கு வருவோம். கணவன் மனைவியுடன் எத்தனை நாளுக்கு ஒருமுறை சேர வேண்டும் என்பதை மிஷ்னா தொழிலை வைத்து வகுக்கிறது. வேலைக்குப் போகத் தேவையில்லாதவன் தினமும், கூலியாள் வாரம் இருமுறை, கழுதை ஓட்டுகிறவன் வாரம் ஒருமுறை, ஒட்டகக்காரன் முப்பது நாளுக்கு ஒருமுறை, மாலுமி ஆறு மாதத்துக்கு ஒருமுறை. எனக்கு இதில் பெரிய ஆறுதல் இருக்கிறது. ஓசூர் ரோட்டு லாரி டிரைவரிடம் யாரும் தினசரியைக் கேட்கவில்லை. அவருக்கும் ஓர் அளவு உண்டு, அந்த அளவை நம்பி வீட்டில் ஒருத்தி இருக்கலாம்.

அந்த நம்பிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதையும் மிஷ்னாவுக்கு விரிவுரையான தல்மூத் மறைக்கவில்லை. ரவ் ரெஹூமி என்ற அறிஞர் ஆண்டுக்கு ஒருமுறை, யோம் கிப்பூர் நோன்புக்கு முந்திய நாளில் வீடு வருவார். ஓராண்டு பாடத்தில் மனம் லயித்து வராமல் இருந்துவிட்டார். வழி பார்த்திருந்த மனைவியின் கண்ணிலிருந்து ஒரு துளி நீர் விழுந்தது. அவர் அமர்ந்திருந்த மாடி அந்நேரமே இடிந்து, அவர் மாண்டார். அவரை இழுத்துப் பிடித்தது கெட்ட பழக்கமல்ல, வேதப் படிப்பின் பரவசம். தல்மூத் அதையும் சாக்காக ஏற்கவில்லை.

அதே பகுதியில் இன்னொரு கேள்வி: கழுதைக்காரன் ஒட்டகக்காரனாகலாமா? வருமானம் கூடும், வீட்டுக்கு வரும் நாள் குறையும். குறைந்த வருவாயோடு கணவன் பக்கத்தில் இருப்பதையே மனைவி விரும்புவாள் என்று விடை வருகிறது. 12ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் இதைச் சட்டமாகவே எழுதினார்: அடிக்கடி வீடு வரமுடிகிற தொழிலை விட்டு அவன் மாறுவதைத் தடுக்க மனைவிக்கு உரிமை உண்டு. ஓ.டி.க்குப் பெயர் கொடுக்கும்போதும், நிரந்தர நைட் ஷிஃப்டுக்குச் சம்மதிக்கும்போதும் அவளைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று இங்குள்ள தம்பிமார்களைக் கேட்டுக்கொள்கிறேன்.